தரைவழிப் பிரயாணமும் விசா என்னும் அனுமதியும்

ஆகாய விமானத்தில் ஏறித் தேசாந்தரம் செல்வோர்க்கு வாயில்கள் இரண்டே உள. புறப்படும் நாட்டின் வாயில் ஒன்று. சென்று இறங்கும் நாட்டின் வாயில் மற்றொன்று. இடையே கிடக்கும் நாடுகள் அவருக்கு மேகத்தின் கீழ்த் தோன்றி மறையும் நிலப்பரப்பேயன்றிப் பிறிதல்ல. தரைவழியே செல்வோர்க்கோ அங்ஙனமன்று. அவர் ஒரு நாட்டை விட்டு நீங்கும் இடமே மற்றொரு நாட்டிற் புகும் இடமாகும். முன்னதன் கதவு அடைபட்ட பின்னர்ப் பின்னதன் கதவு திறவாதொழியின், அவர் நிற்பதற்கு நிலமில்லை. ஆகையால் பல நாடுகளை ஊடறுத்துத் தரைவழியே செல்ல எண்ணுவோர்க்குப் பொருள், உடல்நலம், மொழிப்பயிற்சி என்பவற்றோடு நான்காவதாக ஒன்று இன்றியமையாததாகின்றது. அதுவே விசா எனப்படும் நுழைவனுமதி.

நம் கல்லூரி மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் இத்தகைய யாத்திரையில் விருப்பமுடையோர் சிலர் உளர். அவர்க்குப் பயன்படுமாறு இவ்வனுமதியின் வரலாற்றையும், அதன் உறுப்புக்களையும், அதனைப் பெறும் முறையையும், அது தவறியவிடத்து நேரும் இடரையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம். பிரயாண நோக்கமில்லாத பிறர்க்கும் இவ்வாராய்ச்சி பயனற்றதன்று. ஒரு நாடு தன் வாயிலில் வந்து நிற்கும் அந்நியனை எங்ஙனம் வினவுகின்றது என்பதை அறிதல், அந்நாட்டின் உள்ளத்தையே ஒருவாறு அறிதலாகும்.

1. வரலாறு

வழிச்சீட்டுப் பெற்றுச் செல்லும் வழக்கம் மிகப் பழையது. வேதாகமத்தை வாசிப்போர் நெகேமியாவின் சரித்திரத்தை நன்கறிவர். பாரசீகப் பேரரசன் அர்தசஷ்டாவுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்த அவர், சூசானிலிருந்து எருசலேமுக்குச் செல்ல விடைபெற்றபொழுது, விடை மட்டும் பெற்று அமைந்தாரல்லர். நதிக்கு அப்பாலுள்ள தேசாதிபதிகள் தம்மை வழிவிடுமாறு அவர்களுக்குக் கடிதங்களும், வேண்டிய மரங்களைத் தருமாறு அரசனது வனக்காவலனுக்கு வேறொரு கடிதமும் புறப்படுமுன்னரே கேட்டுப் பெற்றார். பிரார்த்தனையும் முன்னேற்பாடும் அவரிடத்து ஒருங்கே இருந்தன. தரைவழிப் பிரயாணி கற்கவேண்டிய முதற்பாடம் அவ்வொரு செயலிலேயே அடங்கியுளது.

நம் நாட்டிலும் இவ்வழக்கம் இருந்ததென்பதற்குக் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் சான்றாகும். முத்திரைச்சீட்டு வழங்குதற்கென்றே ஓர் அதிகாரி அதிற் கூறப்படுகின்றார். சீட்டொன்றுக்கு ஒரு மாஷகம் கட்டணம். சீட்டின்றி நாட்டினுட் புகுந்தோர்க்கும் நீங்கினோர்க்கும் 12 பணம் தண்டம். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டப் பொதிகளுக்குச் சோழரது புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அன்று பண்டத்திற்கிட்ட பொறியை இன்று மனிதனது ஏட்டில் இடுகின்றனர் என்று கொள்ளலாம்.

ஏழாம் நூற்றாண்டில் சீனதேசத்தினின்றும் புறப்பட்ட யுவான் சுவாங் என்னும் பௌத்தத் துறவி, வெளிநாடு செல்லலாகாதென்னும் அரசாணையை மீறி மறைவாக எல்லை கடந்தவர். தூர்பான் பகுதியிலிருந்த காவோசாங் அரசன், அவரைத் தன்னிடத்தேயே நிறுத்திக்கொள்ள முயன்று, அவர் உண்ணாநோன்பு கொண்டமையால் மனமிளகி, வழியிலுள்ள அரசர்களுக்கு 24 கடிதங்கள் எழுதி, ஒவ்வொன்றோடும் ஒரு பட்டுச்சுருளையும் இணைத்துத் தந்தான். அக்கடிதங்களின் துணையால் மத்திய ஆசியாவைக் கடந்து இந்தியா அடைந்த அத்துறவி, நம் காஞ்சி மாநகரையும் கண்டு எழுதியுள்ளார். சீட்டின்றித் தொடங்கிய யாத்திரையும் சீட்டினாலேயே முற்றுப்பெற்றது.

இக்காலத்துப் பாஸ்போர்ட்டு முறையோ முதல் உலகயுத்தத்தின் விளைவு. 1914-க்கு முன்னர் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட்டின்றியே செல்லலாம். ருஷியாவும் துருக்கி சாம்ராஜ்யமும் விலக்காக இருந்தன. யுத்தகாலத்தில் ஒற்றருக்கு அஞ்சி எல்லைகளை அடைத்த அரசாங்கங்கள், யுத்தம் முடிந்த பின்னரும் அவற்றை முன்போலத் திறந்தில. 1920-ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்தின் சார்பில் பாரிஸ் நகரிற் கூடிய மகாநாடு, எல்லா நாடுகளுக்கும் ஒத்த வடிவமாக 32 பக்கங்களையுடைய சிறு புத்தகத்தை வகுத்தது. பாஸ்போர்ட்டு அறவே ஒழியும் காலம் வருமென்று அம்மகாநாட்டினர் நம்பினர். தற்காலிகமென எண்ணப்பட்ட ஏற்பாடு ஒரு நூற்றாண்டைக் கடந்து நிலைத்துவிட்டது.

விசா என்னும் சொல் இலத்தீன் மொழியினின்றும் வந்தது. பார்க்கப்பட்டது என்பது அதன் பொருள். உம்முடைய பத்திரத்தை எம் ஸ்தானிகர் பார்த்துவிட்டார் என்பதே அதன் உட்கருத்து. பாஸ்போர்ட்டு ஒருவன் இன்னான் என்று அவனுடைய நாடு சொல்லும் சாட்சி. விசா அச்சாட்சியை அயல்நாடு ஏற்றமைக்கு அடையாளம். இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளல்வேண்டும்.

2. விசாவின் உறுப்புக்கள்

விசாவைக் கையிற் பெற்றவுடன் அதனைப் பெட்டியுள் வைத்துவிடாது, ஒரு சாசனத்தைப் படிப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் படித்தல்வேண்டும். அதன்கண் நோக்கத்தக்கவை ஐந்து.

முதலாவது, அதனைப் பயன்படுத்துதற்குரிய காலம். இந்நாள் முதல் இந்நாள் வரை என்று வரையறுத்திருப்பர். இரண்டாவது, தங்கும் நாட்களின் தொகை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி இடர்ப்பட்டோர் பலர். ஜூன் 1 முதல் 30 வரை செல்லும் விசாவில் தங்கும் நாட்கள் 15 என்று குறித்திருப்பின், ஜூன் 20-இல் நுழைந்தவர்க்கு முழுப் பதினைந்து நாளும் கிடையா. 30-ஆம் நாளே நீங்கவேண்டும். மூன்றாவது, நுழைவுகளின் எண்ணிக்கை. ஒருமுறை, இருமுறை, பன்முறை என மூவகையுண்டு. ஒருமுறை விசாவுடன் உட்புகுந்து வெளியேறியவர்க்கு, நாட்கள் எத்துணை எஞ்சியிருப்பினும், மீளவும் புக உரிமையில்லை. நான்காவது, விசாவின் வகை. சுற்றுலாவுக்குரியது வேறு, நாட்டை ஊடறுத்து மறுபுறம் செல்லுதற்கு மட்டும் உரியது வேறு. ஐந்தாவது, இடம். இன்ன சாவடி வழியாகவே புகுக, இன்ன சாவடி வழியாகவே நீங்குக என்று சில நாடுகள் வரையறுக்கும். விமான நிலையங்களிற் செல்லும் சிலவகை மின்விசாக்கள் எல்லாத் தரைச் சாவடிகளிலும் செல்லா. ஆதலின் தரைவழிப் பிரயாணி இவ்வைந்தாம் உறுப்பையே முதலில் நோக்குதல் நன்று.

இவையன்றிப் பாஸ்போர்ட்டின் நிலையையும் ஆராய்தல்வேண்டும். அது இன்னும் ஆறு மாதமேனும் செல்லத்தக்கதாயிருக்கவேண்டுமென்பது பல நாடுகளின் விதி. வெற்றுப் பக்கங்களும் தேவை. விசா ஒரு பக்கத்தையும், புகும் முத்திரையும் நீங்கும் முத்திரையும் மற்றொரு பக்கத்தையும் கவர்ந்துகொள்ளுமாயின், பல நாடுகளைக் கடப்பதற்குள் ஏடு நிரம்பிவிடும்.

பல நாடுகள் ஒருங்குகூடி ஒரே விசா வழங்குதலும் உண்டு. 1985-இல் லக்ஸம்பர்க்கு நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தாகி, 1995-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில் இப்பொழுது 29 நாடுகள் சேர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்றிற் புகுந்தவர் மற்றவற்றிலும் தடையின்றி உலாவலாம். ஆயின் எந்நாளில் நின்று பின்னோக்கி 180 நாட்களை எண்ணினும், அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் அப்பரப்பினுள் தங்கியிருத்தலாகாது. பல நாடுகளைக் காணச் செல்வோர், எந்நாட்டில் மிகுந்த நாட்கள் தங்குவரோ அந்நாட்டின் ஸ்தானிகரிடத்திலேயே விண்ணப்பித்தல்வேண்டும். நாட்கள் சமமாயின், முதலிற் புகும் நாட்டினிடத்து விண்ணப்பித்தல் முறை. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகவுருவும் இயந்திரத்திற் பதியும் முறையும் அங்குத் தொடங்கிற்று. அதிகாரி முத்திரைகளைத் தாமே எண்ணிப் பார்த்த நாளிற் கண்ணுக்குத் தப்பிய மிகைநாட்கள் இனித் தப்பா.

3. மத்திய ஆசியா: ஓர் எடுத்துக்காட்டு

இனி, விசாக்களின் கோவை எத்துணைச் சிக்கலாகக்கூடும் என்பதற்கு மத்திய ஆசியாவை எடுத்துக்கொள்வோம். 1957-இல் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே பேருந்து ஓடத் தொடங்கியது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஐரோப்பிய இளைஞர் பலர் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம் வழியாக இந்தியா வந்தனர். 1979-இல் ஈரானிற் புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானத்திற் சோவியத்துப் படையெடுப்பும் நிகழவே, அவ்வழி அடைபட்டது.

1991-இல் சோவியத்து ஒன்றியம் சிதைந்தபொழுது வடக்கே வேறொரு வழி திறந்தது. ஆனால் ஒரு பெருநாடு இருந்தவிடத்தில் கஸகஸ்தானம், கிர்கிஸ்தானம், தாஜிகிஸ்தானம், துர்க்மேனிஸ்தானம், உஸ்பெகிஸ்தானம் என்னும் ஐந்து குடியரசுகள் தோன்றின. அக்காரணத்தால் ஒரு விசா வேண்டிய நிலத்திற்கு ஐந்து விசாக்கள் வேண்டியவாயின. முன்னர் மாவட்ட எல்லைபோல் இருந்த கோடுகள் முள்வேலிகளாயின. கிர்கிஸ்தானத்து ஓஷ் நகரினின்று அந்நாட்டின் பாத்கென் நகருக்குச் சென்ற பழைய சாலை, சோக் என்னும் உஸ்பெக் நிலத்துண்டின் ஊடே சென்றது. ஒரே நாட்டின் இரண்டு ஊர்களுக்கிடையே செல்பவர், தாம் அறியாமலே வேற்றுநாடு புக்கு மீளவேண்டியிருந்தது. பன்முறை விசா இல்லாதார் சுற்றுவழியே சென்றனர். சமர்க்கந்து நகரினின்றும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாஜிக் நகராகிய பஞ்சகெந்துக்குச் செல்லும் சாவடி 2010 முதல் 2018 மார்ச்சு வரை அடைபட்டிருந்தமையால், அண்டை ஊருக்குச் செல்வோரும் வடக்கே சென்று மலைகளைச் சுற்றி வரவேண்டியதாயிற்று.

இக்குடியரசுகளுள் துர்க்மேனிஸ்தானம் அந்நியரைப் பெரிதும் ஐயுற்ற நாடு. சுற்றுலா விசா பெறுவோர் வழிகாட்டி ஒருவரை உடன்கொண்டே செல்லவேண்டும். அதற்குரிய பொருட்செலவைத் தாங்கமாட்டாதார், ஊடறுத்துச் செல்லும் விசாவையே நாடினர். அது பெரும்பாலும் ஐந்து நாட்களுக்கே வழங்கப்பெற்றது. புகும் நாளும் நீங்கும் நாளும், புகும் சாவடியும் நீங்கும் சாவடியும் அதில் முன்னரே எழுதப்பட்டிருந்தன. ஈரானிய எல்லையிலுள்ள சரக்ஸ் முதல் உஸ்பெக் எல்லையிலுள்ள பாராப் வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இடையே காராகும் பாலைவனம். துவிசக்கர வண்டியில் உலகஞ்சுற்றுவோர், நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் வீதம், எதிர்க்காற்றையும் கோடை வெயிலையும் பொருட்படுத்தாது மிதித்துச் சென்றனர். பண்டைப் புகழ் வாய்ந்த மெர்வ் நகரின் இடிபாடுகள் வழியருகே கிடந்தும், நின்று காண நேரமின்றிச் சென்றோர் பலர். விசா என்பது செல்லும் உரிமையை மட்டுமன்று, செல்லும் வேகத்தையும் வரையறுக்கவல்லது என்பது இதனால் தெற்றென விளங்கும்.

4. பின்னிருந்து எண்ணும் முறை

இத்தகைய வழியில் விசாக்களைப் பெறும் வரிசையே முதன்மையானது. ஊடறுத்துச் செல்லும் விசா கேட்பவரை, அடுத்துச் செல்லும் நாடு உம்மை ஏற்குமோ என்று அதிகாரி வினவுவார். அடுத்த நாட்டின் விசா ஏட்டில் இருந்தாலன்றி இந்நாட்டின் விசா கிடையாது. ஆகவே பிரயாணம் மேற்கிலிருந்து கிழக்கே செல்லுமாயின், விசாக்களின் கணக்குக் கிழக்கிலிருந்து மேற்கே வரல்வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்குப்போல ஓர் எடுத்துக்காட்டு வகுத்துக் காட்டுவோம். இது 2010-ஐ அடுத்த ஆண்டுகளின் நிலைமையைக் கொண்டு வகுத்தது.

ஒரு பிரயாணி இஸ்தாம்பூலினின்றும் பேருந்திலும் இரயிலிலுமாகப் புகாரா செல்ல விரும்பி, ஜூன் 10-ஆம் நாள் உஸ்பெகிஸ்தானம் புக எண்ணுகின்றார் என்று கொள்வோம். துர்க்மேனிய விசா ஐந்து நாள். ஆகவே அவர் துர்க்மேனிஸ்தானம் புகவேண்டிய நாள் ஜூன் 6; அதுவே ஈரானை விட்டு நீங்கும் நாளுமாகும். ஈரானில் 30 நாட்கள் தங்க அனுமதியெனின், அவர் மே 8-க்கு முன்னர் ஈரானிற் புகலாகாது. இடையூறு நேரினும் நாட்கள் எஞ்சியிருக்குமாறு மே 12-இற் புகுதல் நன்று. அப்பொழுது ஜூன் 10 வரை அவர் ஈரானில் இருக்க உரிமையுண்டாதலின், நான்கு நாட்கள் கையிருப்பாக நிற்கும். துர்க்மேனிய விசாவுக்கு மூன்று வாரங்களேனும் காத்திருத்தல்வேண்டுமாதலால், மே 15 அளவில் டெஹரானில் விண்ணப்பம் கொடுத்து, பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் அங்கு விடுத்துத் தாம் மேற்சென்று, எல்லைக்கணித்தான மஷத்து நகரிலுள்ள துர்க்மேனிய ஸ்தானிகரிடத்தே விசாவைப் பெற்றுக்கொள்ளலாம். அவ்விண்ணப்பத்தின்போது உஸ்பெக் விசா ஏட்டில் இருக்கவேண்டும். ஆகவே அதனை ஏப்ரல் மாத இறுதியில் இஸ்தாம்பூலிலேயே பெறல்வேண்டும். உஸ்பெக் விசாவுக்கோ பல நாட்டாருக்கு அந்நாட்டுச் சுற்றுலா நிலையமொன்றின் அழைப்புக்கடிதம் வேண்டும். அதற்கு இரண்டு வாரம். ஆகவே ஏப்ரல் மாத நடுவிலேயே அதற்கு எழுதிவிடல்வேண்டும். ஈரானிய விசாவுக்குரிய அனுமதி எண்ணையும் அதே காலத்தில் வேண்டிக்கொள்ளல் தகும்.

இக்கணக்கில் விளங்குவது யாது? ஜூன் மாதத்தில் ஆமு நதிக்கரையை அடைய வேண்டியவர் ஏப்ரல் மாதத்திலேயே எழுதவேண்டும். ஒரு கண்ணி தளர்ந்தால் சங்கிலி முழுதும் தளரும். உஸ்பெக் விசா ஒரு வாரம் தாழ்க்குமாயின், துர்க்மேனிய விண்ணப்பம் தாழ்க்கும். அது தாழ்த்தால் ஈரானிற் குறித்த 30 நாள் முடிந்துவிடும். ஆதலின் எந்த இரண்டு விசாக்களுக்கும் இடையே சில நாட்களேனும் மிகையாக இருக்குமாறு அமைத்தல் அறிவுடைமை. அன்றியும், உஸ்பெக் விசாவை ஜூன் 10-இலேயே தொடங்குமாறு கேளாது, ஜூன் 9 என்றோ 8 என்றோ கேட்டல் நன்று. கதவு சற்று முன்னரே திறந்திருத்தலால் தீங்கில்லை. சற்றுப் பின்னர்த் திறத்தலாலேயே தீங்கு.

வண்டியொடு செல்வோர்க்கு மற்றுமொரு சுமையுண்டு. வண்டியை நாட்டினுள்ளே விற்றுவிடாது வெளியே கொண்டுசெல்வர் என்பதற்குப் பிணையாகக் கார்னே என்னும் சுங்கப்பத்திரத்தை ஈரான், பாகிஸ்தானம், இந்தியா முதலிய நாடுகள் வேண்டும். மனிதனுக்குப் பாஸ்போர்ட்டு, வண்டிக்குக் கார்னே.

5. எல்லையில் நேரும் இடர்

கணக்குத் தவறின் நேர்வது யாது என்பதற்குக் காஸ்பியன் கடலைக் கடந்தோரின் அனுபவம் சான்றாகும். அஜர்பைஜானத்துப் பாகூ துறையினின்றும் துர்க்மேன்பாஷித் துறைக்குச் சென்ற கப்பல்கள் சரக்குக் கப்பல்கள். பிரயாணிகளுக்கென்று காலக்குறிப்பு இல்லை. இரயில்வே வண்டிகளும் சரக்கும் நிரம்பியபின்னரே அவை புறப்படும். அக்கரை அணைந்தும், துறையில் இடமில்லாவிடின், கடலில் நங்கூரமிட்டுக் காத்து நிற்கும். கரை கண்ணுக்குத் தெரியும், கால் வைக்கலாகாது. ஐந்து நாள் விசாவோ குறித்த நாளில் தொடங்கிக் கழிந்துகொண்டேயிருக்கும். கப்பலிலேயே விசா முடிந்துவிடுமாயின் இறங்க உரிமையில்லை. திரும்பிச் செல்லலாமெனின், அஜர்பைஜானத்து விசா ஒருமுறை விசாவாயின் அதுவும் புறப்பட்டபொழுதே முடிந்தது. திரிசங்குவின் நிலை புராணத்தில் மட்டும் உள்ளதன்று.

தரையெல்லைகளிலும் இதுவே உண்மை. நீங்கும் முத்திரை விழுந்த கணத்தில் முன்னைய நாட்டின் உரிமை அற்றது. இரு சாவடிகளுக்கும் இடைப்பட்ட வெறுநிலத்தில் நிற்கும் பிரயாணி, எதிரேயுள்ள அதிகாரியின் சொல்லையன்றி வேறு பற்றுக்கோடில்லாதவர். ஆதலின் நீங்கும் முத்திரையை ஏற்குமுன், எதிர்ச்சாவடி அன்று திறந்துளதா, தம் விசா அச்சாவடியிற் செல்லுமா என்பவற்றை உசாவி அறிதல்வேண்டும்.

நாட்டினுட் புகுந்தபின்னரும் கடமை முடிந்ததன்று. உஸ்பெகிஸ்தானத்தில் ஒவ்வோர் இரவும் தங்கிய விடுதியினின்றும் பதிவுத்துண்டு பெற்று, நீங்கும்பொழுது காட்டவேண்டியிருந்தது. தாஜிகிஸ்தானத்திற் பாமிர் மலைநாடாகிய படக்ஷான் பகுதிக்கு விசாவுக்கு மேலும் தனி அனுமதி வேண்டும். எனவே விசாவோடு அமையாது, உள்ளே வேண்டப்படும் துணைச்சீட்டுக்களையும் முன்னரே உசாவுதல் தகும்.

ஏட்டில் முன்னர் விழுந்த முத்திரைகளும் சிலவிடத்துப் பகையாகும். திருநாட்டு யாத்திரையாகக் கெய்ரோவினின்றும் சினாய் வழியே எருசலேம் சென்று, பின்னர் வேறு நாடுகளுக்கும் செல்ல விரும்புவோர் இதனை அறிதல்வேண்டும். இஸ்ரேலுக்குச் சென்றமைக்கு அடையாளம் கண்டால், லெபனானும் ஈரானும் அனுமதி மறுக்கும். இஸ்ரேல் அரசாங்கம் 2013 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரையிடாது தனித்துண்டு தருகின்றது. ஆயினும் தாபா போன்ற தரைச்சாவடியில் எகிப்தியர் இடும் முத்திரை, பிரயாணி எங்குச் சென்றார் என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடும். இத்தகைய நாடுகளைக் காண விரும்புவோர் அவற்றை முன்னும், இஸ்ரேலைப் பின்னுமாக வரிசைப்படுத்திக்கொள்ளல் முறை.

6. பிரயாணியின் ஒழுக்கம்

விண்ணப்பப் படிவத்தில் எழுதும் ஒவ்வொரு விடையும் உண்மையாயிருத்தல் வேண்டும். தொழிலின்னதென மறைத்தலும், செல்லாத விடுதியின் பெயரை எழுதலும், சிலவேளை விரைவில் விசா பெற உதவுவனபோலத் தோன்றும். ஆயின் பொய்யொன்று எல்லைச்சாவடியில் வெளிப்படுமாயின், அந்நாட்டின் வாயில் நெடுங்காலம் அடைபடும். பின்னர் வரும் நம் நாட்டாரும் ஐயத்துக்கு ஆளாவர். நாட்கள் கடந்து தங்குதலும் இத்தகையதே. அதிகாரியின் கையிற் பொருள் வைத்துக் காரியம் முடித்தலோ, ஈவோனையும் ஏற்போனையும் ஒருங்கே கெடுப்பதொன்று. பொறுமையும், தூய உடையும், அந்நாட்டு மொழியில் ஒரு வணக்கமும், ஒழுங்காக அடுக்கிய நகல்களும் கையூட்டினும் வலியன.

7. திறந்துவரும் வாயில்கள்

நிற்க. மேற்கூறிய சிக்கல்களுட் பல, சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் குறைந்துள்ளன என்பதையும் கூறல்வேண்டும். 2012-இல் கிர்கிஸ்தானம் 44 நாட்டாருக்கு 60 நாள் வரை விசாவே வேண்டாவென விதித்தது. தாஜிகிஸ்தானம் 2016-இல் மின்விசாவைத் தொடங்கியது. உஸ்பெகிஸ்தானம் 2018-இல் மின்விசாவைத் தொடங்கி, 2019 பிப்ரவரி முதல் மேலும் பல நாட்டாரை விசாவினின்றும் விலக்கியது. அழைப்புக்கடிதத்திற்காக வாரக்கணக்கிற் காத்திருந்தவிடத்தில், இன்று பலர் எல்லையில் ஏட்டை நீட்டி முத்திரை பெற்றுச் செல்கின்றனர். ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, ருவாண்டா என்னும் மூன்று நாடுகள் 2014-இல் ஒரு பொது விசாவை ஏற்படுத்தின. அவ்வாண்டிலேயே ஸாம்பியாவும் ஸிம்பாப்வேயும் விக்டோரியா நீர்வீழ்ச்சியின் இருகரைகளையும் காண்போர்க்கென ஒரு விசாவைத் தொடங்கின. கதவைத் திறந்தமையால் இந்நாடுகள் இழந்தது யாதுமில்லை, விருந்தினரையே பெற்றன.

ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. ஒரே சாலையில், ஒரே பேருந்தில், அருகருகே அமர்ந்து செல்லும் இருவருக்கு வாயில்கள் ஒருபடித்தாகத் திறவா. 2012-இல் கிர்கிஸ்தானம் விலக்களித்த 44 நாடுகளுள் இந்தியா இல்லை. உஸ்பெகிஸ்தானம் 2018-இல் இந்தியரை மின்விசா பெறுவோர் வரிசையிலேயே வைத்தது. கஸகஸ்தானம் மட்டும் 2022 ஜூலை முதல் இந்தியருக்கு 14 நாள் விசாவின்றித் தங்க இடந்தந்தது. நேபாளத்துக்கோ நாம் விசாவின்றியே செல்கின்றோம். இவ்வேற்றுமைகள் பிரயாணியின் குணத்தைப் பற்றியவையல்ல. அவன் பிறந்த இடத்தைப் பற்றியவை. ஆகையால் ஐரோப்பியர் எழுதிய வழிநூலை நம்பி நம்மவர் புறப்படலாகாது. அவர்க்குரிய விதி நமக்கு ஆகாது. அந்தந்த நாட்டு ஸ்தானிகர் இந்திய பாஸ்போர்ட்டுக்கென வெளியிட்டுள்ள விதியையே, புறப்படுமுன் ஒருமுறையும் வழியில் மறுமுறையும் கேட்டறிதல்வேண்டும். விதிகள் திங்கள்தோறும் மாறும் இயல்பின.

8. சீட்டில்லாதோர்

இறுதியாக ஒன்று கூறி முடிக்கின்றோம். விசாவுக்காகப் பத்து நாள் காத்திருந்த பிரயாணி பெரிதும் நொந்துகொள்கின்றார். அவருக்கேனும் காட்டுதற்கு ஒரு பாஸ்போர்ட்டு இருந்தது. நாடே இல்லாதோரின் நிலை யாது? முதல் உலகயுத்தத்தின் பின்னர், ருஷியாவினின்றும் துரத்துண்ட இலட்சக்கணக்கானோர், தம்மை இன்னாரென்று சொல்லுதற்கு ஓர் அரசாங்கமும் இன்றி எல்லைகளில் நின்றனர். நார்வே தேசத்து துருவ ஆராய்ச்சியாளராகிய நான்சன் என்பவர், சர்வதேச சங்கத்தின் சார்பில் 1922-இல் அவர்களுக்கென ஒரு சீட்டை ஏற்படுத்தினார். ஐம்பதுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் நான்சன் பாஸ்போர்ட்டு எனப்பட்ட அதனை ஏற்றன. அவ்வாண்டின் சமாதானத்துக்குரிய நோபல் பரிசும் அவருக்கு அளிக்கப்பட்டது. ஒரு துண்டுக் காகிதம் மனிதனை மீளவும் மனிதர் நடுவிற் சேர்த்தது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையினாலும் அவ்வறம் தொடர்கின்றது. ஆயினும் சாவடிகளின் புறத்தே நிற்போர் இன்றும் எண்ணிலர்.

ஆதலின் தரைவழி செல்லும் நம் மாணவர், தம் ஏட்டில் விழும் ஒவ்வொரு முத்திரையையும் வெற்றிச் சின்னமாக எண்ணாது, தமக்கு அளிக்கப்பட்ட விருந்தோம்பலாக எண்ணுவாராக. அந்நியனாக ஒரு வாயிலில் நின்று, நம்மை உள்ளே விடுவரோ என்று அஞ்சியவன், தன் ஊர் திரும்பியபின் தன் வாயிலில் வந்து நிற்கும் அந்நியனை எளிதிற் புறக்கணியான். எஸ்றாவும் நெகேமியாவும் முதலாக வழிச்சீட்டுடன் நடந்த பெரியோர் அனைவரும் ஓர் ஊரைக் கட்டுதற்கோ ஓர் உண்மையைக் கற்றற்கோ சென்றனர். நாம் செல்வதும் அத்தகைய நோக்கத்தோடாயின், விசாவுக்காகக் காத்திருந்த நாட்களும் வீணாளாகா.